அப்கிரேட் செய்யச் சொல்லும் கம்ப்யூட்டர்: எதைக் கேட்பது? எதைத் தள்ளுவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்தத் தொடங்குபவர்கள் எல்லாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டெஸ்க்டாப், வெளியூர் வேலைக்குச் சென்ற மகன் வீட்டில் விட்டுப் போன லேப்டாப், அலுவலகத்தில் கழித்தபோது குறைந்த விலைக்குக் கிடைத்த சி.பி.யு. என்று பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே பழைய கம்ப்யூட்டராகத்தான் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "சார், ஆன் செய்தாலே எதையாவது அப்டேட் செய், அப்கிரேட் செய் என்று ஒரு விண்டோ வந்து நிற்கிறது. மூடினால் மறுநாள் திரும்பவும் வருகிறது. ஒரேயடியாக நிறுத்த வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடாது. இந்த நினைவூட்டல்களில் நான்கு வகை உண்டு. முதலாவது, கட்டாயம் கேட்க வேண்டியது. இரண்டாவது, யோசித்து முடிவு செய்ய வேண்டியது. மூன்றாவது, வெறும் விளம்பரம். நான்காவது, பணம் பறிக்க வரும் போலி. நான்கும் திரையில் ஏறத்தாழ ஒரே மாதிரி தோன்றுவதால்தான் சிக்கல். எல்லாவற்றையும் மூடுபவர் முதல் வகையை இழக்கிறார். எல்லாவற்றிலும் ஓகே கிளிக் செய்பவர் நான்காவது வகையில் மாட்டிக் கொள்கிறார். எனவே முதலில் பிரித்து அறியக் கற்றுக் கொள்வோம். பிறகு நிறுத்த வேண்டியதை நிறுத்துவோம்.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

இந்த இரண்டு சொற்களையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டில் பூட்டு பழுதானால் சரி செய்கிறோம், சுவரில் விரிசல் வந்தால் பூசுகிறோம். இது அப்டேட். வீட்டையே காலி செய்து வேறு வீட்டுக்குக் குடி போவது அப்கிரேட். விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கு மாதந்தோறும் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட். விண்டோஸ் 10 விட்டு விண்டோஸ் 11க்கு மாறுவது அப்கிரேட்.

மைக்ரோசாப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அன்று இரவு வெளியாகும். எனவே அந்த வாரத்தில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. அதை ஒதுக்கக் கூடாது.

ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். விண்டோஸ் சிஸ்டத்தில் பைல்களை நெட்வொர்க்கில் பகிர்ந்து கொள்ளும் பகுதியில் இருந்த ஒரு குறையைச் சரி செய்யும் திருத்தத்தை, மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, மே 12 அன்று, வான்னாகிரை என்ற வைரஸ் அதே குறையின் வழியாக உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. பைல்களைப் பூட்டி வைத்துக் கொண்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 சிஸ்டத்தில் இயங்கியவை. அவற்றுக்கான மருந்து இரண்டு மாதங்களாகத் தயாராக இருந்தது. போட்டுக் கொள்ளாததுதான் குறை.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் போட்டோக்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் காப்பிகள், பேங்க் பாஸ்வேர்ட் என்று திரும்பப் பெற முடியாத பலவும் அதில்தான் இருக்கின்றன.

உங்கள் கம்ப்யூட்டரை அறிந்து கொள்ளுங்கள்

நினைவூட்டல் சொல்வதை நம்புவதற்கு முன், உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

1. கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஆர் கீயை அழுத்தவும். ரன் என்ற சிறிய கட்டம் கிடைக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துக்களை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று ஒரு விண்டோ காட்டும். விண்டோஸ் 10 எனில் அதில் 22எச்2 என்று இருக்கிறதா எனப் பார்த்துக் குறித்துக் கொள்ளவும். விண்டோஸ் 10 தொகுப்பின் கடைசிப் பதிப்பு இதுதான்.

2. ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம் தேர்ந்தெடுத்து, அபவுட் என்பதில் கிளிக் செய்திடவும். ப்ராசசரின் பெயரும் ராம் அளவும் கிடைக்கும். இன்டெல் ப்ராசசர் எனில் கோடுக்குப் பின் வரும் எண்ணைக் கவனிக்கவும். ஐ5-8250யு என்றால் எட்டாவது தலைமுறை. ஐ3-2120 என்றால் இரண்டாவது தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாவது தலைமுறை.

3. மீண்டும் ரன் கட்டத்தில் டி, பி, எம் என டைப் செய்து, ஒரு புள்ளி வைத்து, எம், எஸ், சி என டைப் செய்து என்டர் தட்டவும். டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் பற்றிய விண்டோ வரும். அதில் ஸ்பெசிபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். சிப் இல்லை என்று காட்டினாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். சில கம்ப்யூட்டர்களில் அது பயாஸ் அமைப்பில் ஆப் செய்யப்பட்டிருக்கும்.

விண்டோஸ் 11 இயங்க 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் இடம், டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் வசதி ஆகியவை வேண்டும் என்று மைக்ரோசாப்ட் நிபந்தனை வைத்துள்ளது. ப்ராசசரும் அது வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் ப்ராசசர்களில் பொதுவாக எட்டாவது தலைமுறைக்கு முந்தையவை அந்தப் பட்டியலில் இல்லை. இதை நீங்களே கணக்கிட வேண்டாம் என்றால், மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற புரோகிராமை இயக்கினால் அதுவே சோதித்துச் சொல்லிவிடும்.

என் வீட்டில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கும் டெஸ்க்டாப் மூன்றாவது தலைமுறை ஐ3. லெட்டர் டைப் செய்யவும், மின் கட்டணம் கட்டவும், பாட்டு கேட்கவும் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11க்கு அது தகுதி பெறாது. இதுபோன்ற கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம், திரையில் வரும் நினைவூட்டல் சில நேரங்களில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொள்ளும்படியே சொல்கிறது. அதைக் கண்டு பதறி, நன்றாக இருக்கும் மெஷினைப் பழைய சாமான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

விண்டோஸ் 10: உண்மை நிலை என்ன?

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10க்கு, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. கம்ப்யூட்டர் அன்றோடு நின்றுவிடவில்லை. முன்பு போலவே இயங்கும். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் தானாக வருவது நின்றது. எனவே இந்தத் தேதியைச் சொல்லும் நினைவூட்டல் பொய் அல்ல. ஆனால் அது காட்டும் வழி ஒன்றே வழி என்பதும் இல்லை. உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: கம்ப்யூட்டர் தகுதி பெற்றிருந்தால் விண்டோஸ் 11க்கு மாறுவது. இதற்குக் கட்டணம் இல்லை. மாறும் முன் உங்கள் பைல்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைத்துக் கொள்ளவும். உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு எழுதும் புரோகிராம் ஆகியவை புதிய சிஸ்டத்தில் இயங்குமா என்று விசாரித்துக் கொள்ளவும். 4 ஜிபி ராம் போதும் என்று சொல்லப்பட்டாலும், 8 ஜிபி இருந்தால்தான் வேலை இழுபறி இல்லாமல் நடக்கும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது வழி: நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது. வீட்டுப் பயனாளர்களுக்கு மைக்ரோசாப்ட் இதை அறிவித்தது. 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் ஒன்றும் வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பிரிவில் விண்டோஸ் அப்டேட் பக்கம் சென்றால், என்ரோல் நவ் என்ற லிங்க் இருக்கும். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை அக்கவுண்ட்டுடன் இணைத்துப் பேக்கப் செய்ய ஒத்துக் கொண்டால் கட்டணம் இல்லை. அல்லது மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம். அல்லது 30 டாலர் அல்லது அதற்கு இணையான பணம் ஒரு முறை செலுத்தலாம். இதில் புதிய வசதிகள் எதுவும் வராது. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இதற்கு மைக்ரோசாப்ட் குறித்த கடைசி நாள் 2026 அக்டோபர் 13. எனவே இதை நிரந்தரத் தீர்வாக எண்ணாமல், யோசிக்கக் கிடைத்த அவகாசமாகக் கொள்ளவும்.

மூன்றாவது வழி: சிஸ்டத்தையே மாற்றுவது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் 2 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரிலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதியாக இருக்கும். இதை யு.எஸ்.பி. டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம். பிரவுசரும், வேர்டு எக்செல் போன்று பயன்படும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பும் உடன் வருகின்றன. ஆனால் விண்டோஸ்க்கென எழுதப்பட்ட புரோகிராம்கள் இதில் அப்படியே இயங்காது. இணையம், மெயில், லெட்டர் டைப் செய்வது ஆகியவை மட்டுமே உங்கள் தேவை என்றால் தயங்காமல் முயற்சிக்கலாம்.

விண்டோஸ் 7 அல்லது 8.1 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்தது. குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு இவற்றை விட்டுவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர்களில் பேங்க் வேலை செய்ய வேண்டாம். லினக்ஸ் இவற்றுக்கு நல்ல மாற்று.

அப்கிரேட் வேண்டாம் எனில் எப்படிச் சொல்வது?

வலது மூலையில் உள்ள எக்ஸ் பட்டனை அழுத்தினால் "வேண்டாம்" என்று சொன்னதாக நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. 2016ல் விண்டோஸ் 7, 8.1 கம்ப்யூட்டர்களில், குறிப்பிட்ட நேரத்தில் விண்டோஸ் 10 இன்ஸ்டால் ஆகும் என்று ஒரு விண்டோ வந்தது. எக்ஸ் அழுத்தி மூடினால் அந்த நேரம் ரத்தாகவில்லை. சொன்னபடியே அப்கிரேட் நடந்தது. அனுமதி இல்லாமல் நடந்த அப்கிரேட் முயற்சியால் தன் அலுவலகக் கம்ப்யூட்டர் பழுதானதாக, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வழக்குத் தொடர்ந்து, 10,000 டாலர் இழப்பீடும் பெற்றார். எதிர்ப்பு வலுத்ததால், வேண்டாம் என்று சொல்லத் தெளிவான பட்டன் பின்னர் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம்: மூடுவதற்கு முன் முழுவதும் படிக்கவும். முழுத் திரையில் விண்டோஸ் 11 அழைப்பு வந்தால், கீப் விண்டோஸ் 10 என்பது போன்ற வரி கீழே எங்காவது சிறியதாக இருக்கும். அதைக் கிளிக் செய்திடவும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அழைப்பு இருந்தால், ஸ்டே ஆன் விண்டோஸ் 10 பார் நவ் என்ற லிங்க்கைத் தேர்ந்தெடுக்கவும்.

அடுத்து, ஆலோசனை என்ற பெயரில் வரும் தொந்தரவுகளைக் குறைக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் அண்ட் ஆக்ஷன்ஸ் என வரிசையாகச் செல்லவும். மேல் பகுதியில் சில சிறிய கட்டங்கள் டிக் செய்யப்பட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பின் வரவேற்புத் திரை காட்டுவது, கம்ப்யூட்டரை இன்னும் நன்றாக அமைக்க வழி சொல்வது, டிப்ஸ் மற்றும் ஆலோசனைகள் தருவது ஆகிய மூன்றிலும் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இதனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு எந்தத் தடையும் வராது.

விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே முடக்கிவிடும் புரோகிராம்கள் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். கதவைத் தட்டும் சத்தம் பிடிக்கவில்லை என்று தபால்காரரையும் வரவிடாமல் செய்வது போன்றது அது.

வேலை நடுவே ரீஸ்டார்ட்

தேவையான அப்டேட் கூட நேரம் கெட்ட நேரத்தில் வந்தால் எரிச்சல்தான். அதற்கும் வழிகள் உண்டு. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேஞ்ச் ஆக்டிவ் அவர்ஸ் என்பதில் கிளிக் செய்து, நீங்கள் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நேரத்தைக் குறிக்கவும். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை தரலாம். அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மகளின் ஆன்லைன் தேர்வு, வரிக் கணக்கு தாக்கல் என்று முக்கியமான வாரம் எனில், பாஸ் அப்டேட்ஸ் பார் 7 டேஸ் என்பதைப் பயன்படுத்தவும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்றால் 35 நாட்கள் வரை தள்ளிப் போடலாம். அவகாசம் முடிந்ததும் அப்டேட் செய்துவிட வேண்டும்.

மொபைல் போன் ஹாட்ஸ்பாட் மூலம் இணையம் பயன்படுத்துபவர்கள், செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் அந்த வை-பை இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் சென்று, செட் ஆஸ் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்திடவும். பெரும்பாலான அப்டேட்டுகள் உங்கள் டேட்டாவைத் தின்னாமல் காத்திருக்கும். மாதம் ஒரு முறையாவது டேட்டா மிச்சம் உள்ள நாளில் இதை ஆப் செய்து அப்டேட்டுகளை இறக்கிக் கொள்ளவும்.

மற்ற புரோகிராம்களின் நச்சரிப்பு

பழைய கம்ப்யூட்டரில் முன்னாள் உரிமையாளர் விட்டுச் சென்ற டிரையல் புரோகிராம்கள் பல இருக்கும். காலாவதியான ஆன்ட்டி வைரஸ், பிரிண்டருடன் வந்த உதவிப் புரோகிராம், பி.டி.எப். படிக்கும் தொகுப்பு ஆகியவை கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்லித் தினமும் நிற்கும். இவை மூன்றாவது வகை. பயன்படுத்தாதவற்றைச் செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவு சென்று அன்இன்ஸ்டால் செய்துவிடவும். காலாவதியான ஆன்ட்டி வைரஸை நீக்கினால், விண்டோஸ் உடன் வரும் டிபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும்.

தேவையான புரோகிராமே தொந்தரவு செய்தால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். சிறியதாக வந்தால் மோர் டீடெயில்ஸ் கிளிக் செய்திடவும். ஸ்டார்ட்அப் டேப் சென்று, தேவையற்ற புரோகிராமின் மீது ரைட் கிளிக் செய்து டிசேபிள் தேர்ந்தெடுக்கவும். பழைய கம்ப்யூட்டர் விரைவாகத் தொடங்குவது கூடுதல் லாபம்.

போலிகளை அடையாளம் காண்பது

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் ஒரு நாள் காலை பதற்றத்துடன் போன் செய்தார். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று திரை முழுவதும் சிவப்பாக எழுத்து. கூடவே எச்சரிக்கை ஒலி. அந்த எண்ணில் பேசியவர் ஒரு புரோகிராமை டவுண்லோட் செய்யச் சொல்லி, பென்ஷன் வரும் அக்கவுண்ட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே சந்தேகம் வந்து நிறுத்தியதால் பணம் தப்பியது. செய்தி உண்மையா என்று ஆராயும் அளவுக்கு நேரம் தராமல் அவசரப்படுத்துவதுதான் இவர்களின் முதலீடு.

போலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்:

* மைக்ரோசாப்ட் தரும் பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் போலி.
* பிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொன்னால் போலி. அடோப் நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்றே பிளாஷுக்கு முடிவு கட்டிவிட்டது. இல்லாத ஒன்றுக்கு அப்டேட் வராது.
* பிரவுசரில் ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது, அந்தப் பக்கத்துக்குள்ளேயே தோன்றும் அப்டேட் விண்டோவை நம்ப வேண்டாம்.

திரை முழுவதும் அடைத்துக் கொண்டால் ஆல்ட் மற்றும் எப்4 கீகளைச் சேர்த்து அழுத்தவும். மூடவில்லை எனில் டாஸ்க் மேனேஜர் திறந்து பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கிளிக் செய்திடவும். வலது கீழ் மூலையில் அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை வந்தால், எப்போதோ ஒரு தளத்திற்கு அலவ் கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று சென்று, அறியாத தளங்களின் பெயர்களை நீக்கிவிடவும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே பேங்கிற்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஒரே ஒரு விதி

இவ்வளவும் நினைவில் வைக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு விதி சொல்கிறேன். எந்த அறிவிப்பு வந்தாலும் அந்த அறிவிப்பிலேயே அப்டேட் செய்யாதீர்கள். அதை விட்டு வெளியே வந்து, நீங்களாகவே உரிய இடத்திற்குச் சென்று பாருங்கள். விண்டோஸ் எனில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம். குரோம் எனில் மூன்று புள்ளி மெனுவில் ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம். உண்மையான அப்டேட் அங்கேயும் காத்திருக்கும். போலி அங்கே வராது.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்குப் பின் வரும் சனிக்கிழமை அன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் முக்கியமான பைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, டிஸ்க்கைக் கழற்றி வைக்கவும். அடுத்து விண்டோஸ் அப்டேட், பிரவுசர் இரண்டையும் சோதிக்கவும். ரீஸ்டார்ட் செய்திடவும். கம்ப்யூட்டர் கேட்பதற்கு முன் நாமே செய்துவிட்டால், அது நினைவூட்ட வேண்டிய வேலையும் பெரும்பாலும் இருக்காது.